மொட்டைக் காருக்கு நான் சொன்ன வார்த்தை

இப்போது பழைய வாகனம் வாங்குகிறவர்கள் வாய் வார்த்தையில் திருப்திப்படுவதில்லை. ஒரு தாள் கேட்கிறார்கள். கல்முனையில் என் மருமகன் நடத்தும் கராஜிலும் அந்தத் தாள் வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினால் எது நன்றாயிருக்கிறது, எது பழுது என்று வரிசையாக அச்சாகி வருகிறது. அடியில், பரிசோதித்தவர் கையெழுத்துப் போட ஓர் இடம். அங்கே தலைமை மெக்கானிக்காக இருக்கும் றிஸ்வான் சென்ற நோன்புக்கு முன்பு ஒரு நாள் அந்த இடத்தைப் பேனாவால் தட்டிக்கொண்டே கேட்டார்.

“மாமா, நீங்க எத்தின வாகனத்துக்கு ‘வாங்கலாம்’ எண்டு சொல்லியிருப்பீங்க. அதில ஒண்டாவது பிழைச்சிரிக்கா?”

“ஓம். ஒண்டு பிழைச்சது” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகப் பார்த்தார். நான் சிரிக்காததைக் கண்டு நின்றுவிட்டார். அன்று அவருக்குப் பாதிதான் சொன்னேன், ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பழகியது பஸ் டிப்போவில். முதல் இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். மூன்றாம் வருடம் பிரேக். அதற்குப் பிறகுதான் எஞ்சினைத் தொட விட்டார்கள். டீசல் எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவேன் என்ற நினைப்பு வந்த நேரத்தில் எழுபத்தெட்டுச் சூறாவளி வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு எல்லாமே இடம் மாறியது. நானும் மாறினேன். டிப்போவை விட்டு, கல்முனையில் தம்பிராசா பாஸின் கராஜில் சேர்ந்தேன்.

பாஸ் பாண்டிருப்புக்காரர். மலைநாட்டுத் தோட்டங்களில் துரைமாரின் கார்களைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் கையிலுள்ள பஞ்சுக் கழிவால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை வந்தால் நமக்கு வேலை சரியில்லை என்று அர்த்தம். அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று இருந்தது. பிளக் போயிருக்கும், பம்ப் அடைத்திருக்கும் என்று நாங்கள் சொன்னால், “இருக்கும் எண்டு எனக்குச் சொல்லாத. இருக்கா, இல்லையா?” என்பார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். அதற்குக் கோபிக்க மாட்டார். இன்னொரு பழக்கம், ஒருவனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அதைத் திரும்பப் பார்க்க மாட்டார். “நான் திரும்பப் பார்த்தா நீ ஒழுங்காப் பார்க்க மாட்டாய்” என்பது அவருடைய கணக்கு.

சூறாவளி முடிந்து இரண்டு வருடமிருக்கும், கச்சான் என்ற வெக்கைக் காற்றுத் தொடங்குகிற நேரத்தில், சாய்ந்தமருதுவிலிருந்து காசிம் காக்கா மாட்டு வண்டியில் கராஜுக்கு வந்தார். இறங்கவில்லை. வண்டியில் இருந்தபடியே பாஸைக் கூப்பிட்டார்.

காசிம் காக்காவை இந்தக் கரையில் தெரியாதவர்கள் குறைவு. ஒலுவிலுக்குத் தெற்கே கரைவலை வைத்திருந்தவர். வலை இழுக்கிறவர்கள் தங்கும் வாடி, அந்த ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி மணலில் நாலு மைல் தூரம். காலையில் ஒலுவில் வரை பஸ்ஸில் போய், அந்த நாலு மைலையும் நடந்தே கடந்து, வலை கரை சேரும்போது அங்கே நிற்பார். சூறாவளியன்று வீட்டுச் சுவர் இடது காலில் விழுந்தது. உயிர் தப்பினார், ஆனால் முழங்கால் மடங்காமல் கம்பு மாதிரி நின்றுவிட்டது. மட்டமான தரையில் ஊன்றுகோலோடு கொஞ்சம் நடப்பார். மணலில் ஏலாது. வலையை மச்சினன் பார்த்துக்கொண்டான். மீன் எவ்வளவு, வலை எங்கே கிழிந்தது, யார் வேலைக்கு வரவில்லை என்பதெல்லாம் மாலையில் அவருக்குச் செய்தியாக வரும்.

“பாஸ், பொத்துவில்ல ஒரு மொட்டைக் கார் நிக்கிது. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. மணல்ல ஓடும். கதவில்ல, கூரையில்ல. உட்காருற இடம் முழங்கால் உசரந்தான். நான் ஒருத்தர்ட கையும் பிடிக்காம ஏறி இரிக்கலாம்” என்றார்.

நாங்கள் அதைக் கேள்விப்பட்டிருந்தோம். ஆமை ஓடு மாதிரிக் கூரை வளைந்த ஆமைக் காரின் அடித்தட்டைக் குறுக்கி, மேலே படகு மாதிரி ஒரு ஃபைபர் உடலை வைத்துச் செய்த வண்டி. எஞ்சின் பின்னால் திறந்தபடி இருக்கும். தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டர் இல்லை, காற்றிலேயே குளிரும். அங்கே வேலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் செய்வித்து ஓட்டியது. ஊருக்குத் திரும்பும்போது தான் தங்கியிருந்த விருந்தினர் விடுதிக்காரரிடமே விட்டுப் போய்விட்டார். விடுதிக்காரருக்கு அதில் ஒன்றும் தெரியாது. விற்றால் போதும் என்றிருந்தார்.

அந்த வாரம் ஒரு லொறி எஞ்சினைத் திறந்து வைத்திருந்ததால் பாஸால் போக முடியவில்லை. “ஹனிபா போகட்டும்” என்றார். ஒரு வாகனத்தைப் பார்த்து வார்த்தை சொல்ல அவர் என்னைத் தனியே அனுப்பியது அதுதான் முதல் தடவை.

போகும் முன் எனக்குச் சொன்னார். எடுத்தவுடன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதே. முதலில் கையை வைத்துப் பார், சூடாயிருந்தால் உனக்கு முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறான், ஆறும்வரை காத்திரு. பிறகு பின்பக்கத்தில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தள்ளு. முன்னும் பின்னும் அசைவதைக் கையால் உணரக்கூடாது. உணர்ந்தால் உள்ளே பெயாரிங் போய்விட்டது. அடியில் ஆறு நட்டுகள் போட்ட வட்டத் தட்டைக் கழற்றி ஒயில் வலையில் உலோகத் தூள் இருக்கிறதா பார். கையாலேயே எஞ்சினைச் சுற்றி நாலு சிலிண்டரும் எதிர்த்து நிற்கிறதா பார். அதற்குப் பிறகுதான் சாவி. சூடாகும்வரை ஓட்டு, நிறுத்து, திரும்ப ஸ்டார்ட் பண்ணு.

காசிம் காக்காவும் நானும் ஒரு வேனில் போனோம். விடுதிக்குப் பின்னால், ஓலைக் கொட்டிலின் கீழே வண்டி நின்றது. செம்மஞ்சள் நிறம். நான் கையை வைத்தேன், குளிர்ந்துதான் இருந்தது. புல்லியை இழுத்தேன். தள்ளினேன். ‘டக்’ என்று ஒன்று கையில் பட்டது.

நான் திரும்ப இழுத்தேன். அசைவு இருந்தது. புல்லியின் நடு போல்ட் கொஞ்சம் தளர்ந்திருப்பது மாதிரித் தெரிந்தது. ஸ்பேனரைப் போட்டு இறுக்கினேன், கால் சுற்றுக் கூட வரவில்லை. திரும்ப இழுத்தேன். இன்னும் ‘டக்’ இருந்தது. குறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். குறைந்துவிட்டது என்றே முடிவும் செய்தேன். அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், காசிம் காக்கா ஊன்றுகோலை மணலில் போட்டுவிட்டு, வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, விறைத்த காலை இரு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தார். என்னையோ வேன் ஓட்டி வந்தவரையோ கூப்பிடவில்லை. அவராகவே ஏறியிருந்தார்.

“எப்பிடித் தம்பி?” என்று கேட்டார்.

அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் வட்டத் தட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் திரும்பப் பூட்ட, ஒயில் கசியாமல் இடையில் வைக்கும் புது கஸ்கட் வேண்டும், கையில் இல்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொன்னேன். ஸ்டார்ட் பண்ணினேன். ஒரே திருப்பில் பிடித்தது. அவரைப் பக்கத்தில் வைத்துக் கடற்கரையில் ஓட்டினேன். ஈர மணலிலும் காய்ந்த மணலிலும் ஒரே மாதிரிப் போனது. எனக்கு வயது இருபத்தாறு. அப்படியொரு வாகனத்தை நான் அதற்கு முன் ஓட்டியதில்லை. காசிம் காக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார்.

“வாங்கலாம் காக்கா. சின்னச் சின்ன வேலைதான் இரிக்கி” என்றேன்.

வண்டி கராஜுக்கு வந்ததும் பாஸ் அதைச் சுற்றிவந்தார். “புல்லி பார்த்தியா?” என்றார்.

கொஞ்சம் ஆடியது, போல்ட்டாக இருக்கும் என்பதுதான் என் வாயில் வந்தது. அந்தச் சொல்லை அவரிடம் சொல்ல முடியாது. அதனால், “பார்த்தன் பாஸ். சரி” என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு புல்லிப் பக்கம் போகவில்லை.

கராஜில் அந்த வண்டிக்கு முக்கியமான வேலை கிளட்ச்தான். காசிம் காக்காவின் இடது காலால் பெடலை மிதிக்க முடியாது. பாஸ் ஒரு பழைய ஹேண்ட் பிரேக்கின் பிடியை எடுத்து, பற்களை ராவி எடுத்துவிட்டு, இருக்கையின் வலப்பக்கம் பொருத்தினார். கிளட்ச் கேபிளை அதில் கட்டினார். வலக் கையால் பிடியை இழுத்து, இடக் கையால் கியர் மாற்ற வேண்டும். அந்த இரண்டு நொடியும் ஸ்டியரிங்கை யாரும் பிடிக்க மாட்டார்கள். நான் அதைச் சொன்னபோது பாஸ், “கடற்கரையில அவர் போய் முட்டுறதுக்கு என்ன கிடக்கு?” என்றார். கராஜில் அன்று எல்லோரும் சிரித்தோம். காசிம் காக்கா இரண்டு நாளில் பழகிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கராஜ் பக்கம் வரவில்லை. காலையில் செம்மஞ்சள் வண்டி மணலில் போவதைப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். வாடியில் வேலை செய்கிற ஒருவர் கல்முனைக்கு வந்தபோது, “முதலாளி வந்ததிலிரிந்து வலை நேரத்துக்கு இறங்குது” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வார்த்தை சொன்ன முதல் வண்டி அது.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள், மச்சினன் சைக்கிளில் வந்தான். வண்டி வாடிக்கும் ஊருக்கும் நடுவில் நின்றுவிட்டது என்றான். நேற்றா என்று கேட்டேன். இல்லை, முந்தாநாள் என்றான்.

நடந்தது இதுதான். வாடியிலிருந்து திரும்பி வரும்போது எஞ்சின் பலத்த சத்தத்தோடு இறுகி நின்றிருக்கிறது. பகல் பதினொரு மணி. முன்னும் பின்னும் இரண்டு மைலுக்கு ஆளில்லை. அவர் இறங்கி ஊன்றுகோலோடு நடக்கப் பார்த்திருக்கிறார். பத்து அடிக்குள் கோல் மணலில் புதைந்து விழுந்துவிட்டார். கையால் ஊன்றி ஊன்றி வண்டிக்குத் திரும்பியிருக்கிறார். வண்டிக்குக் கூரை இல்லை. தோள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். கடல் ஏறி, அலை பின் டயரைத் தொட்டுத் தொட்டுப் போயிருக்கிறது. லுஹரையும் அஸரையும் அந்த இருக்கையில் இருந்தபடியே தொழுதிருக்கிறார். வெயில் சாய்ந்த பிறகுதான் வாடியிலிருந்து ஊருக்குப் போன இருவர் கண்டு தூக்கி வந்தார்கள்.

வண்டியை ஒரு உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தோம். பாஸ் பின்னால் குனிந்து புல்லியைப் பிடித்தார். எஞ்சின் சுற்றாமல் இறுகியிருந்தாலும் புல்லி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும் அளவு போய்வந்தது. எழுந்து, பஞ்சை எடுத்து, பெருவிரலில் தொடங்கித் துடைத்தார். சுண்டுவிரல் வரை வந்தார்.

“பொத்துவில்ல இது ஆடிச்சா?”

“ஆடிச்சு பாஸ்.”

“எனக்குச் சரி எண்டு சொன்னாய்.”

“ஓம் பாஸ்.”

நான் வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சட்டையை மாட்டினார்.

“வா. முதலாளிக்கிட்ட நீ சொல்லு. நானும் வாறன். ஆனா நான் வாய் திறக்க மாட்டன்.”

சாய்ந்தமருதுவுக்கு நாங்கள் பஸ்ஸில் போனோம். காசிம் காக்கா கட்டிலில் இருந்தார். முகமும் கழுத்தும் கருகித் தோல் உரிந்திருந்தது. முழங்கால் வீங்கி, அவருடைய மனைவி துணியை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். புல்லி ஆடியதை, போல்ட்டை இறுக்கியதை, வட்டத் தட்டைக் கழற்றாமல் விட்டதை, பாஸிடம் பொய் சொன்னதை. பாஸ் சொன்னபடியே வாய் திறக்கவில்லை. கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் அவருடைய மனைவிதான் முதலில் கதைத்தார். “மனே, அவர் ஆறு மணித்தியாலம் வெயில்ல கிடந்தவர். உனக்குத் தெரிஞ்சிதான் விட்டியா?”

“தெரிஞ்சும் தெரியாத மாதிரி விட்டன் ராத்தா” என்றேன்.

காசிம் காக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, “எஞ்சினைத் திருத்த ஏலுமா, ஏலாதா? அதைச் சொல்லு” என்றார். அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அந்தத் திரும்பிய முகத்தை நான் பல வருடம் மனதில் சுமந்தேன்.

ஏலும் என்று பாஸ் அப்போதுதான் சொன்னார். கூலி இல்லை என்றும் சொன்னார்.

அந்த எஞ்சினைக் கழற்றுவது பெரிய வேலையில்லை. நாலு இடத்தில் நட்டைக் கழற்றினால் இரண்டு பேர் தூக்கி மேசையில் வைக்கலாம். உடலே இரண்டு பாதியாகப் பிரியும். பிரித்தபோது மூன்றாம் சிலிண்டரின் பெயாரிங் உருகி, எஞ்சினின் நடுத்தண்டான கிராங்கில் ஒட்டியிருந்தது. நடுப் பெயாரிங்குகள் உட்காரும் குழிகள் அடிபட்டு அடிபட்டு முட்டை வடிவாகியிருந்தன. அதை நம் ஊரில் கடைய முடியாது. இரண்டு பாதிகளையும் சாக்கில் சுற்றி, கிராங்க் ஷாப்டைத் தனியாக மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். ஒரு பட்டறையில் குழிகளைப் பெரிதாக்கிக் கடைந்து, அதற்கேற்ற பெயாரிங் தேடி வாங்கித் திரும்ப ஒன்பது நாளானது.

பூட்டும்போது ஒவ்வொரு படியையும் பாஸ் என்னைக் கொண்டே செய்வித்தார். கிராங்க் அசையும் இடைவெளியைச் சரிசெய்ய மூன்று மெல்லிய வளையங்கள் போட வேண்டும். வளையத்தை மாற்றி மாற்றி, இடைவெளி அளக்கும் தகட்டை நுழைத்து நுழைத்துப் பார்த்து, அன்று ஒரு பகல் முழுவதும் போனது. முடிந்ததும் புல்லியை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் படவில்லை. “நீங்களும் பாருங்க பாஸ்” என்றேன்.

“நீ பார்த்தாயே” என்றார். தொடவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் எனக்கு அந்த கராஜில் தொடர்ந்து இருக்கலாம் என்று தோன்றியது.

ஆனால் வேலை முடியவில்லை. புது எஞ்சின் மாதிரி ஓடிய வண்டி, மணலில் நாலு மைல் போனதும் இளைத்தது. நிறுத்தி ஒயில் அளக்கும் கம்பியை இழுத்தால் விரல் வைக்க முடியாத சூடு. ஆறவிட்டால் திரும்ப ஓடும். திரும்ப நாலு மைலில் இளைக்கும். பொறி விடும் நேரத்தைத் திருத்தினோம். கார்பரேட்டரைக் கழுவினோம். விசிறி பெல்ட்டை மாற்றினோம். மூன்று நாள் போனது. இப்படியே கொடுத்தால் ஒரு மாதத்தில் அதே இடத்தில் அதே மனிதர் இருப்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நாலாம் நாள் பாஸ் ஒன்றையும் கழற்றவில்லை. ஒரு பழைய டயரை எஞ்சினுக்கு முன்னால் போட்டு அதில் உட்கார்ந்தார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள், குடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஹனிபா, பக்கத்துக் கடையில சாம்பிராணி வாங்கிட்டு வா” என்றார்.

சிரட்டையில் நெருப்புப் போட்டு, சாம்பிராணி தூவி, புகையும் சிரட்டையை எஞ்சினுக்கு அடியில் வைத்தார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். விசிறி மேலிருந்து காற்றை வாங்கி, சிலிண்டர்களின் மேல் ஊதி, சூட்டோடு கீழே தள்ள வேண்டும். புகை தரையோடு போக வேண்டும். அது போகவில்லை. எஞ்சினின் இரண்டு பக்கத்தாலும் சுருண்டு மேலே ஏறி நேராக விசிறியின் வாய்க்குள் போனது. கராஜில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தோம்.

“பார்த்தியா. இது தான் விட்ட மூச்சையே திரும்பக் குடிக்குது” என்றார் பாஸ்.

ஆமைக் காரில் எஞ்சினைச் சுற்றித் தகரங்கள் இருக்கும், மேல் காற்றையும் கீழ்ச் சூட்டையும் பிரிக்கும் வேலி மாதிரி. வெள்ளைக்காரர் எஞ்சின் வடிவாகத் தெரியட்டும் என்று அவற்றைக் கழற்றி எறிந்திருக்கிறார். திறந்த வண்டிதானே, காற்று தாராளமாக வரும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பெயாரிங் போனதற்கும் அதுதான் அடிக் காரணம். ஒயில் எப்போதும் கொதித்துத் தண்ணீராக ஓடியிருக்கிறது.

கராஜுக்குப் பின்னால் சூறாவளி கொண்டுவந்து போட்ட கூரைத் தகரங்கள் கிடந்தன. யாருடைய கூரை என்று தெரியாமல் பாஸ் எடுத்து அடுக்கி வைத்திருந்தார். பிஸ்கட் பெட்டி அட்டையை எஞ்சினைச் சுற்றி வைத்துப் பார்த்து வெட்டினோம். அந்த அளவுக்குத் தகரத்தை அடித்து மட்டமாக்கி, வெட்டி, விளிம்பு மடித்தோம். தகரமும் எஞ்சினும் தொடும் இடத்தில் சைக்கிள் டியூபைக் கீறிப் பதித்தோம். ஐந்து துண்டுகள். திரும்ப சாம்பிராணி போட்டோம். புகை அடியால் வந்து, பின்பக்கமாகத் தரையோடு ஓடி, தெருவில் போனது. பாஸ் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

நானே பன்னிரண்டு மைல் ஓட்டினேன். கம்பியை இழுத்துக் கையில் பிடித்தேன். பிடிக்க முடிந்தது.

வண்டியைக் கொடுக்கும்போது காசிம் காக்கா விளிம்பில் உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“இப்ப என்ன சொல்றாய் தம்பி?”

“எஞ்சின் சரி காக்கா. ரெண்டாம் கியர் சில நேரம் கழரும். இடது பின் பிரேக் பிடிப்புக் காணாது, அதுக்குச் சாமான் இன்னும் கிடைக்கல்ல. பத்து மைலுக்கு ஒரு தரம் நிப்பாட்டி ஒயில் பாருங்க. வெயிலுக்கு ஒரு கூரை போடுவம். வாடியில ஒருத்தருக்கிட்ட, இத்தின மணிக்கு நான் வீட்ட போய்ச் சேரல்ல எண்டா தேடி வா எண்டு சொல்லி வைங்க.”

“இவ்வளவும் அண்டைக்கே சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஏச்சா, பகிடியா என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் அந்த வண்டியை ஐந்து வருடம் ஓட்டினார். நானும் கராஜில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பழைய வாகனம் பார்க்கப் போனால், வாங்குகிறவரை வண்டியில் ஏற விடுவதில்லை. நான் பார்த்து முடியும்வரை அவர் தூர நிற்க வேண்டும். பலருக்கு அது பிடிக்கவில்லை. காரணத்தை நான் சொன்னதுமில்லை.

எண்பதுகளின் நடுவில் யுத்தத்தால் நிலைமை மாறியது. கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு வந்தது, பிறகு வாடிப் பக்கமே போக முடியாமல் போனது. காசிம் காக்கா வலையை மடித்து வைத்தார். பாஸ் கராஜை என் பொறுப்பில் விட்டுவிட்டு மட்டக்களப்பில் மகளோடு போய் இருந்தார். வண்டியின் செம்மஞ்சள் உடல் காசிம் காக்காவின் வீட்டுக்குப் பின்னால் கோழிகளுக்குப் போனது. எஞ்சினை வீணாக்க வேண்டாம் என்று காசிம் காக்கா, மாவடிப்பள்ளியில் இருந்த தன் வயலுக்கு அதைக் கொண்டுபோய், மரச் சட்டத்தில் பூட்டித் தண்ணீர் இறைக்க வைத்தார். பூட்டிக் கொடுத்தது நான்தான். நாங்கள் செய்த தகரங்களும் அப்படியே இருந்தன.

அந்த எஞ்சினுக்கு வால்வு இடைவெளி பார்ப்பதென்றால் அது குளிர்ந்திருக்க வேண்டும். அதனால் போகத்துக்கு ஒரு தடவை, காலையில், அவர்கள் பம்பைத் தொடங்கும் முன்னரே போய்விடுவேன். அப்படிப் போன ஒரு நாள், காசிம் காக்கா காலை நீட்டி வரம்பில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது நன்றாக வயதாகிவிட்டது. நான் வால்வு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, உனக்கு ஒரு விஷயம் சொல்லணும்” என்றார். “ராத்தாக்கும் சொல்லல்ல.”

நான் நிமிர்ந்தேன்.

“அண்டைக்கு எஞ்சின் இறுகினது. அதுக்கு நாலு நாளைக்கு முந்தியே எனக்குச் சத்தம் கேட்டது. உள்ளுக்க ஆரோ சுத்தியலால தட்டுற மாதிரி. நாளுக்கு நாள் கூடினது.”

“ஏன் காக்கா எங்களுக்கிட்டச் சொல்லல்ல?”

“சொன்னா வண்டியக் கொண்டுபோய்க் கராஜில போட்டிருவீங்க. ஒரு கிழமையோ, ரெண்டு கிழமையோ. நான் திரும்பவும் வீட்டுல இருந்து ஆர் வாறான், ஆர் வந்து கதை சொல்றான் எண்டு பார்த்துக்கொண்டிரிக்கணும்.” வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ரெண்டு வருஷத்துக்குப் பொறகு பதினேழு நாள் நான் என்ட பாட்டுக்கு என்ட வாடிக்குப் போனன். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் எண்டு போனன். நீ வீட்ட வந்து நிண்டு அவ்வளவத்தையும் ஒளிக்காமச் சொல்லக்குள்ள, எனக்கு உன்ட முகத்தப் பார்க்க ஏலாமப் போச்சு.”

ஆறு ஏழு வருடமாக அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தை நான் கோபம் என்று நினைத்திருந்தேன்.

ஸ்பேனரைத் தகரத்தின் மேல் வைத்துவிட்டு, வரம்பில் அவருடைய நீட்டிய காலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வெற்றிலைப் பையை என் பக்கம் தள்ளினார். அன்று வயலுக்குத் தண்ணீர் அரை மணி நேரம் பிந்தித்தான் பாய்ந்தது.